குரலைப் பார்த்த கண்கள்

கண்ணுக்குள் ஓடும் குருதியை அளக்கும் அறையில் நெடுங்காலம் பணியாற்றி இன்று விடைபெறும் மூத்த அளவீட்டாளரும், நோயாளர் நாவில் "ரேடியோ அக்கா" என்று நிலைபெற்றவருமான தங்களுக்கு, உடன் உழைத்தோரும் தங்கள் முன் முகவாய் வைத்து அமர்ந்தோரும் ஒருங்கே கூடி உவந்தளிக்கும் பாராட்டு மடல்.

அளவினாலே அன்பு செய்தவரே! அன்பினாலே அளவெடுத்தவரே!

இருட்டறையில் இருந்தபடி எத்தனையோ பேரின் இருளுக்குத் துணையிருந்தவரே! கருந்திரைக்குப் பின்னமர்ந்து, கண்ணின் ஆழத்தில் கசிந்தோடும் செந்நீரின் கதியைக் கணித்தவரே! அஞ்சி வந்தவர்களின் நடுக்கத்தை நகைச்சுவையால் நிறுத்திவிட்டு, அவர்கள் நகைத்ததால் தலை ஆடிப்போக, "சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க, அளவு போச்சு!" என்று அவர்களையே கடிந்துகொண்ட நியாயமற்ற நல்லவரே! தங்களை வணங்குகிறோம், வாழ்த்துகிறோம், வழியனுப்ப மனமின்றியே வழியனுப்ப வந்திருக்கிறோம்.

அவையோர் அறிய ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது தங்களுக்கு நாங்கள் எழுதிய இரண்டாம் மடல். முதல் மடல் எழுதி முடித்து, அழகுற அச்சிட்டு, கண்ணாடிச் சட்டமும் போட்டாயிற்று. அதில் எதுகைக்குக் குறைவில்லை, மோனைக்குக் குறைவில்லை, உண்மைக்குத்தான் குறைவு வந்துவிட்டது. "செம்புள்ளி ஒளியைச் சிதறாமல் நோக்கவைத்த செம்மலே" என்று அதன் நடுவே பெரிய எழுத்தில் இருந்தது. அன்று நாங்கள் அனைவரும் நம்பியது அது. தாங்களும் நம்பியது அது. அது பிழையென்று தெரிந்ததும், முழு உண்மை தெரியும்வரை விழாவே வேண்டாமென்று நிறுத்தியவர் தாங்கள். ஆகவே பண்புகளை மாலைபோல் தொடுத்துச் சூட்டும் வழக்கத்தைச் சற்றே தளர்த்தி, நடந்ததை நடந்தபடி சொல்லவே விழைகிறோம். தங்களுக்கு அதனினும் பொருத்தமான பாராட்டு வேறில்லை.

தங்கள் பணியை அறியாத உறவினரும் நண்பரும் இங்கே இருப்பதால், அதைச் சிறிது விளக்குவது எங்கள் கடன். முதுமையில் சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதி மட்டும் மெல்லத் தேய்கிறது. மருத்துவர்கள் அதை மாகுலா சிதைவு என்பர். சுற்றியிருப்பவை தெரியும், பார்க்க விரும்பியது மட்டும் தெரியாது. கதவு தெரியும், பூட்டின் துவாரம் தெரியாது. கடிகாரத்தின் வட்டம் தெரியும், முட்கள் தெரியா. மகளின் சேலை தெரியும், முகம் தெரியாது. அந்த நடுப்பகுதிக்குக் குருதி எவ்வளவு வந்து சேர்கிறது, ஆண்டுக்கு ஆண்டு அது எப்படி மாறுகிறது என்று அறிந்தால் நோயின் போக்கை அறியலாம் என்ற எண்ணத்தில் எழுந்ததே நம் ஆய்வு. மெல்லிய லேசர் ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி, ஓடும் குருதியணுக்களில் பட்டுத் திரும்பும் அவ்வொளியின் நடுக்கத்தைக் கொண்டு ஓட்டத்தைக் கணக்கிடும் நம் கருவி. நோயாளர் செய்யவேண்டியது ஒன்றே: உள்ளே தெரியும் சிறு செம்புள்ளியை நேராக நோக்க வேண்டும். கண் எங்கே நோக்குகிறதோ அதற்கேற்ற இடத்துக் குருதியைத்தான் கருவி அளக்கும். கண் ஒதுங்கினால் அளவும் ஒதுங்கிவிடும்.

இச்சிறு செயலுக்குத் தாங்கள் செய்த முன்னேற்பாடுகள் சிறியவை அல்ல. காபி குடித்துவிட்டு வந்தவரை வாசனையிலேயே பிடித்தீர்கள். "இல்லீங்க, டீதான்" என்று தப்பப் பார்த்தவரையும் தாங்கள் விடவில்லை. மாடியேறி மூச்சிரைக்க வந்தவரை மூச்சு அடங்கும்வரை அமர்த்தினீர்கள். மருத்துவமனைக்கு மரியாதை காட்டுவதாக எண்ணிக் கழுத்துப் பொத்தானை இறுகப் பூட்டி வந்த பெரியவர்களிடம், "கழுத்தை நெரிச்சா கண்ணுக்குள்ள கணக்கு மாறிடும் ஐயா, உங்க வீடு மாதிரி நினைச்சு ஒரு பொத்தானைக் கழட்டுங்க" என்றீர்கள். அசையாதீர்கள் என்றதும் மூச்சையே நிறுத்திக்கொண்ட பணிவானவர்களுக்கு, "மூச்சு விடலாம், அதுக்கு இங்க அனுமதி உண்டு" என்று ஆணையிட்டீர்கள். முகவாய்த் தாங்கியில் புதுத்தாளை விரிக்காமல், நெற்றிப் பட்டையைத் துடைக்காமல், தாங்கள் ஒருவரையும் அமரச் சொன்னதில்லை.

இவை அனைத்தினும் மேலாகத் தங்கள் குரல்! கருவியின் வில்லைக்கு நேர் பின்னே முகத்தை வைத்துக்கொண்டு, தாழ்ந்த தொனியில், இடைவிடாமல் பேசினீர்கள். "நேராப் பாருங்க. இன்னும் கொஞ்சம் நேரா. என்னைத் தேடாதீங்க, நான் எங்கயும் போகல. அப்படித்தான். கண்ணு கலங்குதா? சிமிட்டிக்குங்க. மறுபடியும் நேரா." திரைக்கு வெளியே நின்று இதைக் கேட்ட நம் தலைமை மருத்துவர் ஒருநாள், "அம்மா, அளவெடுக்கறீங்களா, இல்ல மேட்ச்சுக்கு வர்ணனை பண்றீங்களா?" என்றார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று மாலைக்குள் தாங்கள் ரேடியோ அக்கா ஆகிவிட்டீர்கள்.

காத்திருந்து சிரித்தவர்களுள் ஒருவர், கால்பந்துப் பந்தயங்களுக்கு நடுவராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா. முதல் நாளே தங்களிடம் அவர் சொன்னது இங்குள்ள பலருக்கும் நினைவிருக்கும்.

"மைதானத்துல பாதிப் பேரு எனக்குக் கண்ணு தெரியலைன்னு கத்துவாங்கம்மா. அவங்க வாய்முகூர்த்தம் பலிச்சுடுச்சு."

"அப்படிக் கத்தினதுல என் தம்பியும் ஒருத்தன்," என்றார் அருகிலிருந்த அவர் துணைவியார். "அவன் டீமுக்குத்தான் இவர் கோல் தரல. இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுப் படி மிதிக்க மாட்டேங்கறான்."

"அது ஆஃப்சைடு!"

"ஆமா, ஆஃப்சைடு. தலையை நிமிர்த்தி உக்காருங்க, அக்கா கூப்பிடுறாங்க."

இவ்வாறு ஆண்டுகள் கழிந்தன. அதே முகங்கள் மீண்டும் மீண்டும் வந்தன. தங்கள் கையும் மாறவில்லை, குரலும் மாறவில்லை. எண்களும் நிலையாக இருந்தன. பிறகு தங்கள் பணி நிறைவு நெருங்கியது.

இத்தகைய ஆய்வில் கை மாறுவது எளிதன்று. புதியவர் எடுக்கும் அளவும் பழையவர் எடுத்த அளவும் ஒரே கண்ணில் ஒத்துவர வேண்டும். இல்லையேல் நாளை எண் குறைந்தால், குறைந்தது குருதியா, மாறியது கையா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆகவே தாங்கள் செல்லுமுன் இருவரும் அதே நோயாளர்களை அளந்து ஒப்பிட வேண்டுமென முடிவாயிற்று.

தங்கள் இடத்துக்கு வந்த சகோதரர் எக்ஸ்ரே அறையில் தலை நரைத்தவர். எலும்புகளோடு பழகியவர். எலும்புகள் பேசுவதில்லை, அவரும் பேசுவதில்லை. நாங்கள் அவருக்கு இட்ட பெயர் "மௌனசாமி." அங்கே அவருக்குத் தேவைப்பட்ட வாக்கியம் ஒன்றுதான்: "மூச்சைப் பிடிங்க." நம் அறைக்கு வந்ததும் அதையும் சொல்லக்கூடாது என்று ஆகிவிட்டது. ஆயினும் கருவியைக் கையாள்வதில் அவர் விரல் பிசகாது. நோயாளரின் தோளை மெல்லத் தொட்டு அமர்த்துவார். விரலால் ஒளியைச் சுட்டுவார். தலையசைத்து நன்றி சொல்வார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவருடைய அளவுகள் தங்கள் அளவுகளோடு ஒத்துவரவில்லை.

சிறிது கூடிற்று அல்லது சிறிது குறைந்தது என்றால் திருத்திக்கொள்ளலாம். ஒரே கண்ணில் காலையில் ஒன்று, நண்பகலில் ஒன்று. தங்கள் எண்கள் படிக்கட்டுபோல் இருந்தன. அவர் எண்களோ சிதறிய பட்டாணிபோல் ஓடின. தலைமை மருத்துவர் தங்களைத் தேற்றும் எண்ணத்தோடு சொன்னார்:

"கைக்குப் புதுசும்மா. போகப் போகச் சரியாயிடும். நீங்க இதை மனசுல போட்டுக்காதீங்க."

"சரியானா சந்தோஷம் டாக்டர். ஆனா தப்பு அவர்கிட்டயா, எங்கிட்டயான்னு தெரியாம எப்படிப் போறது?"

"உங்ககிட்ட என்னம்மா தப்பு? உங்க எண்ணெல்லாம் எவ்வளவு அழகா நிக்குது!"

"அழகா நின்னா சரின்னு அர்த்தமா? தப்பான இடத்துலயும் அழகா நிக்கலாமே."

அக்கணம் முதல் எங்கள் அறையில் அனைவரும் ஒரே கேள்வியோடு நடமாடினோம். தாங்கள் இத்தனை ஆண்டுகள் எடுத்த அளவுகள் மெய்தாமா? அவை மெய்யில்லையென்றால் தங்கள் உழைப்பு மட்டுமன்று, தடுமாறித் தடுமாறி, சுவரைப் பிடித்துப் பிடித்து, தமக்கு நலம் கிடைக்காவிட்டாலும் பின்னால் வருவோர்க்குக் கிடைக்கட்டுமென்று வந்துபோன அத்தனை பேரின் வருகையும் வீண். அதை அவர்களிடம் சொல்லவேண்டியவரும் தாங்களே.

தாங்கள் செய்தது இது. மௌனசாமி அளவெடுக்கும்போது, குறுக்கிடாமல் பார்ப்பதற்காகக் கதவோரம் ஒரு முக்காலியிட்டு அமர்ந்தீர்கள். வந்தவர் நடுவர் ஐயா. அவர் துணைவியார் திரையருகே நின்றார். மௌனசாமி அவர் தோளைத் தொட்டார், ஒளியைச் சுட்டினார்.

"தெரியுதுங்க," என்றார் நடுவர்.

எண்கள் ஓடின. தாங்கள் பொறுத்தீர்கள், பொறுத்தீர்கள், பேசாமலிருப்பது தங்களுக்கு எத்தகைய தவம் என்பதை நாங்கள் அறிவோம். இறுதியில் பழக்கம் வென்றது. கதவோரத்திலிருந்தே, "சார், நேராப் பாருங்க," என்றுவிட்டீர்கள்.

கருவிக்குள் குனிந்திருந்த மௌனசாமி அன்றைய நாளின் முதல் வாக்கியத்தைச் சொன்னார்.

"அக்கா, கண்ணு கதவுப்பக்கம் வந்துடுச்சு."

"என்னது?"

"நீங்க பேசினீங்க. கண்ணு உங்ககிட்ட வந்துடுச்சு. லைட் இந்தப் பக்கம் இருக்கு."

தாங்கள் எழுந்து நடுவர் ஐயாவின் அருகில் வந்து, கடிந்து கேளாமல், கதை கேட்பவர்போல் கேட்டீர்கள்.

"சார், உள்ள சிவப்பா ஒரு புள்ளி இருக்கே, தெரியுதா?"

அவர் முகவாயைத் தாங்கியிலிருந்து எடுத்தார்.

"சொல்லுங்களேன்," என்றார் துணைவியார்.

"கோல்னு விசிலடிச்சுட்டேம்மா," என்றார் நடுவர். "பந்து உள்ள போகவே இல்ல."

"எப்பலேர்ந்து?" என்றீர்கள்.

"முதல்ல தெரிஞ்சுது. சத்தியமாத் தெரிஞ்சுது. அப்புறம் மங்கி மங்கி ஒருநாள் காணோம். புள்ளி தெரியாதவங்களை இதுல சேர்க்க மாட்டோம்னு ஆரம்பத்துல சொல்லியிருந்தாங்க. இங்க வர்றது நின்னு போயிடுமேன்னு பயம். நீங்க வேற அவ்வளவு ஆசையா, தெரியுதான்னு கேட்பீங்க. இல்லைன்னு சொல்ல வாய் வரல."

"அப்ப இவ்வளவு நாளா எதைப் பார்த்தீங்க?"

"உங்க குரலைத்தான் பார்த்தேன். நேராப் பாருங்கம்பீங்க. குரல் எங்க இருக்கோ அதானே நேரு?"

துணைவியார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "வீட்டுல இவர் சொல்ற பொய் எதுவும் சாயங்காலம் வரைக்கும்கூட தாங்காது. இது எப்படிங்க இத்தனை வருஷம் தாங்குச்சு?"

அவர் ஒருவரோடு அது முடியவில்லை. தாங்கள் அடுத்தடுத்து வந்தவர்களையும் அதே இதத்தோடு கேட்டீர்கள். தையற்கடை வைத்திருந்த அம்மையார் சற்றும் தயங்காமல் சொன்னார்: "புள்ளியா? எனக்கு ஊசிக்காதே தெரியல கண்ணு, உன் புள்ளியா தெரியப் போகுது? எல்லாரும் தெரியுதுன்னு சொல்றாங்க, நான் மட்டும் ஏன் குட்டையைக் குழப்பணும்னு இருந்தேன்." ஒருவர்க்கொருவர் தெரியாமலே ஒரே பொய்யை ஒரே கனிவோடு காத்துவந்திருக்கிறார்கள் இந்த நல்லவர்கள். இவர்களுள் பலர் இப்போது முன்வரிசையில் அமர்ந்து சிரிக்கிறார்கள். சிரியுங்கள். அன்று ரேடியோ அக்கா சிரிக்கவில்லை.

தாங்கள் நடைக்கூடத்து விசிப்பலகையில் போய் அமர்ந்தீர்கள். எங்கள் அலுவலக உதவியாளர் தங்களைத் தேடி வந்தார்.

"விழாவைத் தள்ளி வைங்க," என்றீர்கள்.

"அக்கா, மண்டபம் சொல்லியாச்சு."

"மாத்திச் சொல்லுங்க."

"மடலுக்கு ஃப்ரேம் போட்டாச்சு அக்கா!"

"கழட்டிடுங்க."

இவ்வளவே தாங்கள் பேசியது. குரல் உயரவில்லை, கண் கலங்கவில்லை. புகழ் வாசலில் வந்து நிற்கும்போது, பொறு, உள்ளே ஒன்றைச் சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லும் மனிதரை நாங்கள் அதற்குமுன் கண்டதில்லை.

சரிபார்க்கும் வழியையும் தாங்களே வகுத்தீர்கள். விழியின் உட்புறத்தைப் படமெடுக்கும் கேமரா பக்கத்து அறையில் உண்டு. கண் எத்திசையில் நிற்கிறது என்பதை அப்படம் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொருவரையும் இருமுறை அமர்த்தினோம். ஒருமுறை, தங்கள் குரலில்லாமல், ஒளியைத் தேடச் சொன்னோம். மறுமுறை, ஒளியைப் பற்றிப் பேசாமல், வில்லைக்குப் பின்னிருந்து தாங்கள் வழக்கம்போல் பேசினீர்கள். எந்தப் படம் எந்த முறையில் எடுத்தது என்பது பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது என்றீர்கள். தங்கள் கண்ணை இதில் தாங்களே நம்பப்போவதில்லை என்றும் சொன்னீர்கள். தலைமை மருத்துவர், கலைத்துக் கொடுத்த படங்களோடு கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்தார். நாங்கள் வெளியே அமர்ந்தோம். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்கூட அவ்வளவு ஒழுங்காக அமர்ந்திருக்க மாட்டார்கள்.

அவர் வெளியே வந்தபோது அவர் முகமே முதலில் சொன்னது.

"அம்மா, லைட்டைத் தேடின படத்துல எல்லாம் கண்ணு ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நிக்குது. நடுவுல தெரியாததால ஓரத்தால எட்டிப் பார்க்கறாங்க. உங்க குரலைக் கேட்ட படத்துல அத்தனையும் நேரா நிக்குது. நமக்கு வேணுங்கற இடத்துலயே நிக்குது."

காண முயன்ற கண் ஒதுங்கியது. கேட்க முயன்ற கண் நேரானது! ஒளி தெரிந்த காலத்தில் ஒளியும், அது மறைந்த காலத்தில் தங்கள் குரலும் அந்தக் கண்களை நிறுத்தியிருந்தன. தங்கள் அளவுகள் மெய். நாங்கள் கைதட்டினோம். தாங்கள் தட்டவில்லை.

அதைப் புரிந்துகொள்ள, அவையோர் பொறுத்தருளினால், சிறு கதையொன்று சொல்லலாம்.

ஒரு குளக்கரையில் மின்மினி ஒன்றும் தவளை ஒன்றும் வாழ்ந்தன. மழைக்கால இருட்டில் ஆமைகள் அக்கரையிலிருந்து இக்கரைக்கு நீந்தி வரும். தன் விளக்கைக் கண்டே அவை வருகின்றன என்று மின்மினி பெருமை கொண்டது. தவளையும் அதை நம்பி, வேலை செய்பவருக்குப் பேச்சுத்துணை என்று அதன் பக்கத்தில் அமர்ந்து கத்திக்கொண்டிருந்தது. ஒருநாள் தவளை இடம் மாறி அமர, ஆமைகள் அத்தனையும் அதனிடமே போய்ச் சேர்ந்தன. "விளக்கு எங்களுக்கு எப்போது தெரிந்தது? உன் சத்தத்தைத்தான் பிடித்துக்கொண்டு வந்தோம்," என்றன. குளமே தவளையைக் கொண்டாடியது. மின்மினிகூட, மனத்தாங்கலைக் காட்டாமல், இரண்டு முறை மின்னியது. தவளை மட்டும் கவலையோடு ஆமைகளைப் பார்த்து ஒன்று கேட்டது: "அப்படியானால், எனக்குத் தொண்டை கட்டியிருந்த நாள்களில் நீங்கள் எங்கே போய்ச் சேர்ந்தீர்கள்?"

தாங்களும் அதையே கேட்டீர்கள், அம்மையீர்! சளி பிடித்துப் பேச முடியாமல் சைகையால் வேலை பார்த்த நாள்கள் உண்டு. அந்நாள்களின் அளவுகளை நீக்கிவிட வேண்டும் என்றீர்கள்.

"அதுலயும் நல்ல எண் சிலது இருக்குமேம்மா," என்றார் தலைமை மருத்துவர். நம் ஆய்வுக்கு மிகவும் உதவக்கூடிய சில எண்கள் அவற்றுள் இருந்தன. அது அவருக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும்.

"இருக்கும் டாக்டர். எதுன்னு எனக்குத் தெரியாதே."

நீக்கினோம். முன்பு சொல்ல நினைத்ததைவிடச் சற்றுக் குறைவாகவே இனி நம் ஆய்வு சொல்லும். ஆனால் சொல்வதைத் தலைநிமிர்ந்து சொல்லும். ஒளி தெரியாதவர்களுக்கும் இனி அந்த நாற்காலியில் இடமுண்டு என்று ஆய்வின் விதியும் மாறியது. அதைக் கேள்விப்பட்ட நடுவர் ஐயா, "முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?" என்று எங்கள் மீதே கோபித்துக்கொண்டார்.

எஞ்சியது ஒன்று. தங்கள் குரலே அளவுகோல் என்றால், தாங்கள் சென்றபின் அளப்பது எப்படி? தங்கள் பேச்சைப் பதிவுசெய்து ஒரு சிறு ஸ்பீக்கரில் வில்லைக்குப் பின் வைத்துப் பார்த்தோம். "நேராப் பாருங்க," என்றது பெட்டி. "பார்த்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்," என்றார் நடுவர். பெட்டி பதில் சொல்லவில்லை. "கோபமா?" என்று கேட்டுத் தலையை எடுத்துவிட்டார். தும்மியவரைப் பெட்டி விசாரிக்கவில்லை. களைத்தவரை ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. அம்முயற்சி அன்றே கைவிடப்பட்டது.

ஆகவே மௌனசாமி பேசியாக வேண்டும் என்று ஆயிற்று. மூன்றாம் நாள் அவர் துணைவியார் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார்: "எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாளா ஃபிரிட்ஜைப் பார்த்து, நேராப் பாருங்க, நேராப் பாருங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கார். டாக்டர் யார்கிட்டயாவது காட்டணுமா?"

தங்களைப்போல் பேச அவர் முயன்றார், தங்கள் நகைச்சுவையைக் கடன் வாங்கிச் சொன்னார், ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போது தாங்கள், "தம்பி, என் பேச்சு உங்களுக்கு எதுக்கு? கருவிக்குள்ள நீங்க என்ன பார்க்கறீங்களோ அதைச் சொல்லுங்க. அவங்களுக்குத் தெரியாததும் அதுதானே," என்றீர்கள். அவர் சற்று யோசித்துவிட்டு, குனிந்து, மெல்லத் தொடங்கினார். "இப்ப கண்ணு நடுவுல வந்திருக்குங்க. ரத்தம் ஓடுறது நல்லாத் தெரியுது. கொஞ்சம் மேல போறீங்க. இப்ப திரும்பி வந்துட்டீங்க. அப்படியே இருங்க, ஓடிக்கிட்டு இருக்கு."

எண்கள் நின்றன. தங்கள் எண்களுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றன. அடுத்தவருக்கும் நின்றன, அதற்கடுத்தவருக்கும் நின்றன. வெளியே வந்த நடுவர் ஐயா தீர்ப்பு வழங்கினார்: "வர்ணனை ரேடியோ அளவுக்கு இல்ல. ஆனா ஸ்கோர் சரியாச் சொல்றார்."

பெருமைக்குரிய அம்மையீர்! தங்கள் பணிக்காலத்தின் சிறப்பை அளக்க எங்களிடம் கருவியில்லை. இயன்றவரை எளிய சொல்லில் சொல்வோம். பார்வை குறைந்தவர்களைத் தாங்கள் ஒருபோதும் குறைந்தவர்களாகப் பார்த்ததில்லை. எண்ணை நேசித்தீர்கள், எண்ணைவிட அதன் உண்மையை நேசித்தீர்கள். தங்கள் தொண்டை என்றும் தெளிவாயிருக்கட்டும். முழங்காலும் முதுகும் தங்கள் சொற்படி நடக்கட்டும். தங்கள் கண்களுக்குள் ஓடும் குருதி நெடுங்காலம் தடையின்றித் தன் வழியில் ஓடட்டும். இதுவரை எங்கள் பொருட்டுத் தாமதமான உணவும் உறக்கமும் இனி உரிய நேரத்தில் தங்களை நாடி வரட்டும். தங்கள் கணவரும் மக்களும், இத்தனை நாள் தாங்கள் எங்களுக்கு ஈந்த பேச்சில் பாதியையேனும் இனிக் கேட்டு மகிழட்டும். மறுபாதிக்கு நாங்கள் அவ்வப்போது வீடு தேடி வருவோம்.

இறுதியாக ஒன்று. இத்தகைய மடலைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவது வழக்கம். இங்கே முன்வரிசையில் இருப்போர்க்கு அதன் சட்டம் தெரியும், எழுத்துத் தெரியாது. ஆகவே இதை யார் வாசிப்பது என்பதில் நாங்கள் கவனமாயிருந்தோம். மௌனசாமியிடம் கொடுத்தோம். தாள்களைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவையுமா?" என்றார். அதன்பின் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் இதை மனப்பாடமாகவே அறிந்திருக்கும்.

இத்தனை நேரம் தாங்கள் கேட்டது அவர் குரல். முதல் வரியிலிருந்து இவ்வரி வரை அவர்தாம் பேசிக்கொண்டிருக்கிறார். மேடை விளக்குகள் பக்கவாட்டில் எரிகின்றன. அவற்றை ஒருவரும் பார்க்கவில்லை. சற்றே திரும்பி முன்வரிசையை நோக்குங்கள், அக்கா. நடுவர் ஐயா, தையற்கடை அம்மா, அவர்களை அடுத்து அமர்ந்திருக்கும் அத்தனை பேர். எல்லாக் கண்களும் நேராக நிற்கின்றன.

இனித் தாங்கள் விரும்பியபோது பேசாமலும் இருக்கலாம்.

அன்பு மாறா நெஞ்சத்தோடு,
கண் குருதியோட்ட அளவீட்டு அறைப் பணியாளர்களும்,
அவ்வறையில் தங்கள் குரலை நோக்கி அமர்ந்தோரும்